வடிகட்டி சுத்தம் செய்யப்பட்டது

கோட்கா,
அக்டோபர் 9

அன்புள்ள சந்தேரிக்கு,

மரிகா எழுதுகிறேன். பராமரிப்புக் கம்பெனியில் உன் பக்கத்து லாக்கர்காரி. நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். உன் பழைய எண்ணில் யாரோ ஒரு பெண் எடுத்து எரிந்து விழுந்தாள். உன் அக்கா ரீக்காவிடம் மூன்று தடவை கெஞ்சிய பிறகுதான் இந்த முகவரி கிடைத்தது. "அவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான். லெட்டர்னா ஒருவேளை படிப்பான், அதுவும் நிச்சயமில்ல" என்றார். நார்வேயில், வார்டோவில் மீன் தொழிற்சாலை வேலை, கை விறைத்துப்போகும் என்றும் சொன்னார். கையுறைக்குள் கம்பளிக் கையுறை போட்டுக்கொள். இங்கே மூன்று வாரமாக மழை. உன் வேனை இப்போது நான் ஓட்டுகிறேன். பின்கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஏ படிக்கட்டு 12ஆம் எண் வீட்டிலிருந்து புகார் வந்தது. எய்லாவை உனக்குத் தெரியும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிஷ்வாஷர் ஓடிக்கொண்டிருந்தபோது மறந்துபோன ஒரு காபிக் கோப்பையை உள்ளே வைக்கக் கதவைத் திறந்திருக்கிறார். மெஷின் நிற்கவில்லை. கொதிக்கிற தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கீழே பீய்ச்சி அடித்திருக்கிறது. நான் போனபோது இரண்டு காலிலும் கட்டு. அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லை. "கதவத் தெறந்தா நிக்கணும்ல? இது என்னையும் சேத்துல்ல கழுவுது! சவுனாவுல நீராவிக் குளியல்ல கூட எனக்கு இவ்வளவு சூடு கெடச்சதில்ல" என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவின் உள்பக்கத் திருகுகளைக் கழற்றி, வெளித்தகட்டை எடுத்தேன். பூட்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்சை விரலால் அழுத்தினால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. மீட்டரை வைத்தேன். அழுத்தினாலும் சத்தமில்லை, விட்டாலும் சத்தமில்லை. உள்ளே தொடுமுனை கருகிச் செத்த சுவிட்ச். செத்த சுவிட்சோடு மெஷின் எப்படி ஓடுகிறது என்று வயர்களைப் பின்தொடர்ந்தால், இரண்டு முனைகளையும் தாண்டி டைரக்ட் கொடுத்திருக்கிறது. அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய வயர். முனைகளை முறுக்கி மூடும் இரண்டு நீலத் தொப்பிகள். ஒன்று உருகி, பூட்டின் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருந்தது. வயரின் உறை ரொட்டி ஓரம்போலப் பழுப்பாகியிருந்தது.

எய்லா பின்னால் நின்று, "நீ என்னம்மா மணிக்கணக்கா நோண்டுற? அந்தப் பையன் வந்தான், பத்தே நிமிஷம், ஒரு காபி குடிச்சான், ஓட வச்சிட்டுப் போனான். தங்கமான பையன்" என்றார்.

பிறகு இன்னும் இரண்டு வீடு பார்த்தேன். ஏ 7இலும் அதே. பி 19இலும் அதே.

உனக்குப் பாடம் எடுக்கவில்லை, சந்தேரி. ஆனால் யோசித்துப் பார். தண்ணீரைச் சூடாக்கும் கம்பிக்குப் போகிற முழு மின்சாரமும் இந்த மாடலில் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் அது கருகுகிறது. கருகினால் மெஷின் நிற்கும், பாத்திரம் தொட்டியில் குவியும், வீடு பிழைக்கும். அதைத் தாண்டி மணி வயரைப் போட்டால் அடுத்து சூடாகப் போவது அந்த வயர். அதற்கு நிற்கத் தெரியாது.

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். புது சுவிட்சுக்கு ஒப்புதல் வர ஆறு வாரம். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம்தான் என்று மேலாளர் ரைமோ அடித்துச் சொல்லியிருக்கிறார். நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவளிடம் ஆறு வாரம் கையால் கழுவு என்று யாரால் சொல்ல முடியும்? இந்த வீடுகளை வாடகைக்கு விடும் இதே வாடகை நிறுவனம் கடலோரத்தில் வசதியானவர்களுக்குக் கட்டிய வீடுகளில் ஒரு விளக்கு அணைந்தால் மறுநாள் ஆள் போகிறது. நம் மக்களுக்கு ஆறு வாரம்.

கணினியில் தேடினேன். டைரக்ட் கொடுத்த வேலைக்குப் பட்டியலில் பெயர் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் 'வடிகட்டி சுத்தம் செய்யப்பட்டது' என்று பதிந்திருக்கிறாய். பதினான்கு மாதத்தில் இருநூற்றுப் பதினொரு பதிவு. அதில் உண்மையாகவே வடிகட்டி சுத்தம் செய்தவையும் இருக்கும். எது எது என்று உன் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

நான்கு படிக்கட்டு, தொண்ணூற்றாறு வீடு. வீட்டு எண்களை எழுதி அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மரிகா

*

கோட்கா,
அக்டோபர் 30

சந்தேரி,

பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று முதல் வாரம் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

ரைமோவிடம் சொன்னேன். கருகிய வயரை அவர் மேஜைமேல் வைத்தேன். அதைப் பேனாவால் தள்ளிப் பார்த்துவிட்டு, "எரிஞ்சுதா? இல்லைல்ல. எரிஞ்சா அவங்களே கூப்பிடுவாங்க" என்றார். எல்லா வீட்டையும் திறந்து பார்க்க வேண்டும் என்றேன். "புகார் வந்த வீட்டுக்குப் போறதுக்குத்தான் நமக்கு ஒப்பந்தம். வராத வீட்டுக்குப் போனா அது ஊர் சுத்தறது. ரெண்டு வருஷத்துல எல்லா மெஷினையும் தூக்கிட்டுப் புதுசு போடப் போறாங்க. அதுவரைக்கும் ஓட்டணும், அவ்வளவுதான்." வெளியே வந்தபோது நடைவழியில் வாடகை நிறுவனத்தின் சுவரொட்டி. 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை.' படத்தில் இருக்கும் குடும்பத்துக்கு எல்லாப் பல்லும் வெள்ளை.

அதனால் வேலை முடிந்த பிறகு என் சொந்த நேரத்தில் கதவு தட்டுகிறேன். நம் ஆட்களை உனக்குத் தெரியுமே. சொல்லாமல் வந்து மணியடித்தால் கதவு திறக்கிற வழக்கம் இந்த நாட்டில் யாருக்கு இருக்கிறது? மணியடித்தவுடன் உள்ளே ரேடியோ நின்றுவிடும். கதவின் அந்தப் பக்கம் காலுறை தரையில் உரசும். கண்ணாடித் துவாரம் இருட்டும். நான் கருவிப் பையைத் தூக்கிக் காட்டுவேன். துவாரம் மறுபடி வெளிச்சமாகும். அவ்வளவுதான். டி படிக்கட்டில் ஒருத்தர் மட்டும் உள்ளிருந்தே, "எங்க வீட்டுல எதுவும் கெட்டுப்போகல! கெட்டுப்போனா நானே கெட்டுப்போச்சுன்னு சொல்லுவேன்!" என்று கத்தினார். மற்றவர்கள் அதுகூட இல்லை.

தபால் துவாரத்தில் சீட்டு போடுகிறேன். கம்பெனிப் பெயரைப் போடக்கூடாது என்று ரைமோ தடுத்துவிட்டார். அதனால் வெறும் தாளில், 'உங்கள் டிஷ்வாஷரின் கதவு சுவிட்ச் ஆபத்தாக இருக்கலாம், இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்' என்று என் பெயரும் எண்ணும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எனக்கே ஏமாற்றுக்காரி எழுதியதுபோலத்தான் இருக்கிறது. முக்கால்வாசிக் கதவுகளில் 'விளம்பரம் வேண்டாம்' என்று வேறு ஒட்டியிருக்கிறார்கள்.

எய்லாதான் கை கொடுத்தார். கட்டுப் போட்ட காலோடு எனக்கு முன்னால் நொண்டிக்கொண்டு வந்து, கதவுக் கதவாக, "ஏய், நான்தான் எய்லா, தெற! இந்தப் பொண்ணு கடிக்காது!" என்று கூப்பிட்டார். ஏ படிக்கட்டு முழுக்கத் திறந்தது. எல்லாம் சேர்த்து இதுவரை இருபத்தாறு மெஷின் பார்த்துவிட்டேன். ஒன்பதில் நீலத் தொப்பி. ஒன்பதையும் வெட்டி எறிந்து, என் காசில் வாங்கிய, கூடுதல் சுமை தாங்குகிற சுவிட்ச் போட்டு, அழுத்திப் பார்த்து, மீட்டர் பீப் என்றதைக் கேட்ட பிறகுதான் தகட்டை மூடினேன். எய்லாவுக்கு இப்போது உன்மேல் கோபம். "தங்கமான பையன்னு சொன்னேன்ல, பித்தளை" என்கிறார். கட்டு பிரிக்கும்போது வலிக்கிறதாம். காபி குடிக்க வந்தால் ஊற்றுவாராம், ஆனால் சூடாக உன் தலையில்.

பயமுறுத்துவது இது. சி படிக்கட்டின் கீழே, சவுனா முறைப் பட்டியலுக்குப் பக்கத்தில், வாடகை நிறுவனம் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 'தொடர்ந்து மீன் வறுக்கும் வாடை குறித்துப் புகார்கள் வந்துள்ளன. சமைக்கும்போது காற்றுப்போக்கியை இயக்கவும். அயலாரை மதிக்கவும்.' கீழே பேனாவால் யாரோ, 'மூன்றாம் மாடி, வெட்கமாக இல்லையா?' என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒரு சோமாலியக் குடும்பம் இருக்கிறது. அவர்கள்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். "எங்க வீட்டுல யாருக்கும் மீனே பிடிக்காதுங்க. பிள்ளைங்க பாஸ்தா தவிர வேற எதையும் தொடாது" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. யாரும் நம்பப்போவதில்லை என்று அவருக்கே தெரியும்.

சுவிட்சின் பிளாஸ்டிக் கருகும்போது என்ன வாடை வரும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கெட்டுப்போன மீன் வாடை. இவர்கள் மாதக்கணக்கில் அதை முகர்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரியை வெறுத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வாடை சனிக்கிழமைகளில்தான் அதிகம் என்று ஒருவர் சொன்னார். ஏன் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. நாலு மணியிலிருந்து ஒன்பது மணிவரை சவுனா முறை. ஒவ்வொரு வீடும் தன் அரைமணி வந்ததும் மெஷினை நிரப்பி, பொத்தானை அழுத்தி, துண்டை எடுத்துக்கொண்டு அடித்தளத்துச் சவுனாவுக்குப் போகிறது. மேலே ஆள் இல்லாத வீட்டில் மெஷின் மட்டும் ஓடுகிறது.

அந்தப் படிக்கட்டில் ஒரு வீட்டுக்கு நான்கு தடவை போனேன். திறக்கவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்தேன். யாராவது பார்த்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாடகை நிறுவனத்திலிருந்து ரைமோவுக்குத் தொலைபேசி வந்துவிட்டது. குடியிருப்பவர்களை நான் பீதிக்குள்ளாக்குகிறேனாம். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று வந்தால் வேலை போகும்.

எண்களை அனுப்பு, சந்தேரி. எனக்கு எழுத உனக்குப் பிடிக்கவில்லை என்றால் ரீக்காவிடமாவது சொல்.

மரிகா

*

கோட்கா,
நவம்பர் 14

அன்புள்ள சந்தேரிக்கு,

போன சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு சி 38இல் தீப்பிடித்தது.

தைஸ்தோவை உனக்கு ஞாபகம் இருக்கலாம். காகித ஆலை மூடியபோது வேலை போனவர், ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள். லிப்டில் பார்த்தால் தலையாட்டுவார், அதற்குமேல் ஒரு சொல் வராது. சவுனா முடிந்து துண்டோடு மேலே வந்திருக்கிறார். கதவிடுக்கில் புகை. ஓடியிருக்கலாம். மெஷினை நிறுத்தப் போயிருக்கிறார். பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று நம்பியிருக்கிறார். சமையலறை வாசலில் விழுந்து கிடந்தவரை இழுத்து வந்தது அந்த மூன்றாம் மாடிச் சோமாலியப் பெண். இப்போது மருத்துவமனையில் மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள், மூச்சுக்குக் குழாய். நுரையீரல் எப்படி இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்குத்தான் சொல்வார்களாம். அவருக்கு யாரும் இல்லை என்றேன். அப்படியானால் யாருக்கும் சொல்ல மாட்டார்களாம்.

என் சீட்டு அவர் வீட்டு நடைவழியில் கிடந்தது. கடைகளின் விளம்பரத் தாள்களோடு சேர்த்து, வெளியே போடுவதற்காகக் கட்டி வைத்திருக்கிறார்.

தீ விசாரணை அதிகாரி வந்து கருகிய கதவைக் கொண்டுபோனார். பிளாஸ்டிக் எல்லாம் எரிந்துபோன பிறகும் செம்பு எரியாது. அந்த இணைப்பு அப்படியே இருந்தது. கடைசியாக யார் இதில் கை வைத்தது என்று கேட்டார். ரைமோ கணினியைத் திறந்து காட்டினார். ஜூலை 17, சி 38, வடிகட்டி சுத்தம் செய்யப்பட்டது, ஊழியர்: சந்தேரி.

அடுத்த நாள் ரைமோ என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைத் தள்ளினார். முன்னாள் ஊழியர் ஒருவர் நிறுவனத்துக்குத் தெரியாமல் தன்னிச்சையாகச் செய்த வேலை என்றும், அவர் இப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியும் என்றும் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆறு வாரத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இருபது நிமிடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் மேஜைமேல் வைத்த வயரைப் பற்றியும் இல்லை. "அவன் நார்வேல மீன் வெட்டிட்டிருக்கான், அவனுக்கு என்ன ஆயிடப்போகுது? நீதான் இந்த ஊர்ல இருக்கணும். போட்டுட்டு வேலையப் பாரு. உன் எச்சரிக்கைய நான் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார். கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்றேன். "எதுக்கு நேரம்? ஒண்ணரைப் பக்கம்தான" என்றார்.

ஜூலை 17இல் நீ எங்கே இருந்தாய் என்று உனக்குத் தெரியும். ஏரிக்கரையில், விடுமுறையில். உன் வேனில், உன் டேப்லெட்டில் உன் பெயரிலேயே பதிந்துகொண்டு சுற்றிக்கொண்டிருந்தது நான். தைஸ்தோவின் மெஷின் செத்துக் கிடந்தது. உனக்குப் போன் செய்தேன். பின்னால் தண்ணீர்ச் சத்தம், யாரோ சிரிப்பு. "அட, டைரக்ட் குடுத்துட்டு வா மரிகா, பார்ட் வந்ததும் மாத்திக்கலாம்" என்றாய். பார்ட் கேட்டு யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அன்று கையில் இன்னும் ஏழு வீடு இருந்தது. அவர் வாசலில் நின்று, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஏ 7உம் நான் செய்ததுதான். அதே வாரம். உனக்கு எழுதுவதற்கு முன்பே முதல் வேலையாகப் போய் அதைச் சரிசெய்துவிட்டு, நீ செய்ததுபோல உனக்கே எழுதினேன். அந்த வரியைப் படித்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கும், இவள் பழியையும் சேர்த்து அனுப்புகிறாள் என்று. அதனால்தான் நீ பதில் போடவில்லை என்றால் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் நான்கு தடவை தட்டிய கதவு எது என்றும் இப்போது தெரிந்திருக்கும். மற்ற எல்லா வீட்டுக்கும் உன் பட்டியல் வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு வேண்டியிருக்கவில்லை. தைஸ்தோ திறக்கவில்லை என்று திரும்பி வந்தேன். அவர் சவுனாவுக்குப் போகும்போது படியில் நின்று மறித்திருக்கலாம். "உங்க மெஷின நான்தான் கெடுத்தேன்" என்று சத்தமாகக் கத்தியிருக்கலாம். எச்சரிக்கைக் கடிதம் பையில் இருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்கு விசாரணை அதிகாரியைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். ஜூலை 17ஐப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஏ 7ஐப் பற்றிச் சொல்லப்போகிறேன். ஆறு வாரத்தையும், இருபது நிமிடத்தையும், "எரிஞ்சா அவங்களே கூப்பிடுவாங்க" என்றதையும் சொல்லப்போகிறேன். உன் பெயரை நான் கொடுக்கத் தேவையில்லை, அது ஏற்கெனவே எல்லாத் திரையிலும் இருக்கிறது. நீ செய்தது எவை, செய்யாதது எவை என்று யாராவது பிரித்துச் சொன்னால்தான் உனக்கும் நல்லது. ஆனால் அதற்காக இதைக் கேட்கவில்லை.

மற்ற மெஷின்களை விசாரணை முடிந்ததும் பார்ப்பார்களாம். அதுவரை ஆள் இல்லாத நேரத்தில் மெஷினை ஓட்ட வேண்டாம் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள், மீன் வாடை அறிவிப்புக்கு மேலேயே. எய்லாவும் நானும் நேற்றுக்கூடச் சுற்றினோம். சிலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். சிலர், "தீப்பிடிச்சது அந்த ஆளு சிகரெட்டுல" என்கிறார்கள். இன்னும் ஐம்பத்தெட்டுக் கதவு திறக்கவில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அந்தச் சனிக்கிழமை போயிருக்கும். அடுத்த சனிக்கிழமைக்காவது உன் பட்டியல் வேண்டும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான்கு படிக்கட்டும் மாடி மாடியாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் வீட்டு எண் போட்டிருக்கிறேன். திரும்பி அனுப்ப உறையும் தபால்தலையும் உள்ளே இருக்கின்றன. விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். ஞாபகம் வருகிற வீடுகளுக்கு வட்டம் போடு. சந்தேகமாக இருந்தாலும் போடு.

தாளில் ஏற்கெனவே இரண்டு வட்டம் இருக்கும். ஏ 7, சி 38. பக்கத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். நீ தனியாகத் தொடங்க வேண்டாம் என்றுதான்.

உன் கைகளில் சீக்கிரம் சூடு திரும்பட்டும். உனக்கு நல்ல தூக்கம் வரட்டும்.

மரிகா